18 ஸ்டூல் டிப்போ

சான் பிரான்சிஸ்கோவில் போல்க் தெரு 1517ஆம் எண்ணில் இருக்கும் அந்தக் கடையின் பெயரில் ரெஸ்டாரன்ட் என்ற சொல்லே கிடையாது. 'ஸ்வான் ஆய்ஸ்டர் டிப்போ', அவ்வளவுதான். ஆய்ஸ்டர் என்றால் கடல் சிப்பி. விறகு டிப்போ, பால் டிப்போ என்று பேசிப் பழகிய நமக்கு இந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டாம். சரக்கு வந்து இறங்கும், அளந்து கொடுப்பார்கள், வாங்கியவர் நடையைக் கட்டுவார். உட்கார்ந்து அளவளாவும் இடத்துக்கு டிப்போ என்று யாரும் பெயர் வைப்பதில்லை. ஆனால் இந்த டிப்போவில் 18 ஸ்டூல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் உட்காருவதற்காக மழைத் தூறலில் ஒன்றேகால் மணி நேரம் நடைபாதையில் நின்றேன்.

சிறிய சாப்பாட்டுக் கடைகளின் கணக்கைப் பார்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. எங்கே போனாலும் முதலில் கண் போவது இலைக்கு அல்ல, கல்லாவுக்கு. 2025 பிப்ரவரியில் அக்கா மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, "மாமா, உங்களுக்குன்னே ஒரு கடை இருக்கு" என்று ஒரு சனிக்கிழமை காலை அவன்தான் கூட்டிப்போனான். பார்த்துவிட்டு வந்து, வாடிக்கையாளர் ஒருவருக்காக எழுதிய குறிப்புதான் இந்த ஆய்வு.

அந்த வாடிக்கையாளரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் மீன் சாப்பாட்டுக் கடை, பெயர் வேண்டாம். பத்து வருடம் நன்றாக ஓடியது. பிறகு 64 நாற்காலியும் ஏசி ஹாலுமாக இரண்டாவது கடை போட்டார். மெனு அட்டை நாலு பக்கம் ஆனது. ஒன்றரை வருடத்தில் மூடினார். மூடிய அன்று டீப் ஃப்ரீசரைத் திறந்து பார்த்தோம். வஞ்சிரம் எத்தனை நாளாக அங்கே கிடந்தது என்று சமையல்காரருக்கே தெரியவில்லை. அந்தக் கடைக்கு பட்ஜெட் போட்டுக் கொடுத்தவன் நான்தான் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

கைமாறிய கதை

ஸ்வான் 1912இல் தொடங்கியது. தொடங்கியவர்கள் டென்மார்க்கிலிருந்து வந்த நான்கு சகோதரர்கள். 1946இல் அது சான்சிமினோ என்ற சிசிலி வம்சாவளிக் குடும்பத்தின் கைக்கு வந்தது. இன்றுவரை அந்தக் குடும்பம்தான் நடத்துகிறது. அப்பா வாங்கியதை மகன்கள் பார்த்தார்கள், இப்போது பேரன்மாரும் மேடைக்குப் பின்னால் நிற்கிறார்கள். ஒரே கடைதான், கிளை கிடையாது.

1912 என்ற வருடத்தை நான் சும்மா தாண்டிப்போகவில்லை. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் ஆய்ஸ்டர் என்பது அந்நியப் பண்டம் அல்ல. அங்கிருந்த பழங்குடி மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாகத் தின்றுபோட்ட சிப்பி ஓடுகள் குன்று குன்றாகக் குவிந்து கிடந்த கரை அது. 1849 தங்க வேட்டைக்கு வந்து குவிந்த கூட்டம் ஒலிம்பியா என்ற சின்னஞ்சிறிய உள்ளூர்ச் சிப்பியை வேகமாகத் தின்று தீர்த்தது. பிறகு வடக்கே வாஷிங்டன் மாநிலக் கரையிலிருந்து கப்பலில் வந்தது. 1869இல் கண்டத்தைக் கடக்கும் ரயில் பாதை திறந்ததும் கிழக்குக் கரையிலிருந்து சிப்பிக் குஞ்சுகளைக் கொண்டுவந்து வளைகுடாவிலேயே பாத்தி கட்டி வளர்த்தார்கள். அந்தப் பாத்திகளில் இரவில் படகோட்டிப் போய்த் திருடியவர்களில் ஒருவன், பிற்பாடு எழுத்தாளராகப் பெயர் வாங்கிய ஜாக் லண்டன். அப்போது விடலைப் பையன். 20ஆம் நூற்றாண்டு பிறந்ததும் நகரத்தின் சாக்கடையும் சேறும் வளைகுடாவைக் கெடுத்தன, வளர்ப்பு படுத்தது.

ஆக, ஆய்ஸ்டர் டிப்போ என்று பெயர் எழுதிக் கடை திறந்தபோது, கடைக்குப் பக்கத்திலிருந்த தண்ணீரில் அந்தத் தொழில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சரக்கு தூரத்திலிருந்து வர வேண்டும், வந்ததை ஐஸில் வைக்க வேண்டும், கெடுவதற்குள் கைமாற்ற வேண்டும். டிப்போ என்ற பெயர் அந்த நிலைமைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. இன்றும் அங்கே தட்டில் வருவதில் ஒரு பகுதி பசிபிக் வகை இனங்கள், ஜப்பான் கரையிலிருந்து குஞ்சாக வந்து அமெரிக்காவில் வேர்விட்டவை. மியாகி, குமமோட்டோ என்ற பெயர்களே சொல்லிவிடும்.

வரிசை

எட்டு மணிக்குக் கதவு திறக்கும், மதியம் இரண்டரைக்கு மூடும், ஞாயிறு விடுமுறை. நாங்கள் ஒன்பதே காலுக்குப் போனோம். வரிசையில் எங்களுக்கு முன் இருபத்தைந்து பேராவது இருப்பார்கள்.

"மாமா, கையில கேஷ் இருக்கா? இங்க கார்டு வாங்க மாட்டாங்க."

என்னிடம் இருந்தது இருபது டாலரும் ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டும். அவன் ஏடிஎம் தேடிப் போனான், நான் நின்றேன். நின்ற நேரத்தில் பார்த்ததுதான் இந்த ஆய்வின் பாதி.

கடையின் முகப்பு ஒரு கண்ணாடி ஜன்னல். அதற்குள் சரிவாகக் கொட்டிய ஐஸ் மேல் முழு மீன்கள், செம்மஞ்சள் நிறத்தில் வெந்த டஞ்சனெஸ் என்ற வகை நண்டுகள், சிப்பிகள். உள்ளே நீளவாக்கில் ஒரு பளிங்கு மேடை, பல காலம் முழங்கை பட்டு மழுங்கிய ஓரம். அதை ஒட்டித் தரையில் பதித்த ஸ்டூல்கள். ஸ்டூலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒருவர் ஒருக்களித்துத்தான் போக முடியும். மேஜை இல்லை. டோக்கன், புக்கிங் எதுவும் இல்லை. இரண்டு பேர் எழுந்தால் இரண்டு பேர் உள்ளே. மூன்று பேராக வந்தவர்கள் மூன்று ஸ்டூல் சேர்ந்தாற்போல் காலியாகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அவர்களுக்குப் பின்னால் தனியாக நின்றவர் முந்திப் போவதையும் பார்த்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை.

பத்து மணி வாக்கில் எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா, தள்ளுவண்டிப் பையை இழுத்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் தாண்டி நேரே உள்ளே போனார். சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் நின்று எதையோ கைகாட்டினார். மேடைக்குப் பின்னால் இருந்தவர் ஐஸிலிருந்து ஒரு மீனை எடுத்து, துண்டு போட்டு, தாளில் சுற்றிக் கொடுத்தார். காசு வாங்கினார். அந்தம்மா வெளியே வந்தார். மூன்று நிமிடம் ஆகியிருக்குமா? பின்னால் நின்ற ஒருவர், வீட்டுக்கு மீன் வாங்குகிறவர்களுக்கு வரிசை கிடையாது என்று எனக்கு விளக்கினார்.

என் தலையில் மணி அடித்தது அப்போதுதான். வரிசை ஸ்டூலுக்குத்தான், கடைக்கு இல்லை.

மேடைக்கு அந்தப்பக்கம்

உட்கார்ந்ததும் முழங்கைக்கு எதிரே டபாஸ்கோ என்ற மிளகாய் சாஸ், ஹார்ஸ்ராடிஷ் என்ற காரமான வேர்த் துருவல், எலுமிச்சைத் துண்டு, ஆய்ஸ்டர் கிராக்கர் என்ற பொடி பிஸ்கட். கேட்காமலே சவர்டோ என்ற புளிப்பு ரொட்டியும் வெண்ணெயும் வந்தன. விலைப்பட்டியல் சுவரில். அந்தப் பட்டியலில் இல்லாத சிலதும் உண்டு, தெரிந்தவர்கள் கேட்டு வாங்குகிறார்கள்.

நான் முதலில் தேடியது அடுப்பை. சூடானது என்று பார்த்தால் மட்டி போட்ட வெள்ளை சௌடர் சூப் ஒன்றுதான். மற்றதெல்லாம் குளிர்ந்தது. தாளிப்பு இல்லை, பொரிப்பு இல்லை, தவா இல்லை. நம்மூரில் ஒரு மீன் கடைக்குச் செலவுக் கணக்கு எழுதினால் முதல் பக்கத்திலேயே எண்ணெய், கேஸ், மாஸ்டர் சம்பளம், புகைக் கூண்டு என்று வரும். இங்கே அந்தப் பக்கமே ஏறத்தாழ காலி. அந்த இடத்தில் நிற்பது கத்தியும் அதைப் பிடித்த கையும்.

என் எதிரே நின்றவர் சிப்பி திறந்ததைச் சொல்ல வேண்டும். இடது கையில் மடித்த துணி, அதற்குள் சிப்பி, குழிந்த பக்கம் கீழே. கட்டைக் கத்தியின் முனையைக் கீல் இருக்கும் கூர்நுனியில் வைக்கிறார். குத்தவில்லை, சாவியைத் திருகுவதுபோல் மணிக்கட்டை ஒரு திருகு. 'டக்' என்று சின்னச் சத்தம். மேல் ஓட்டின் உட்புறத்தை ஒட்டிக் கத்தியை வழித்துச் சதை நரம்பை அறுக்கிறார், ஓட்டைத் தூக்கி எறிகிறார். கீழே ஒட்டியிருப்பதையும் ஒரு வழி வழித்து விடுவிக்கிறார். உள்ளே இருக்கும் கடல் நீர் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. வலப்பக்கத்து ஆளிடம் கால்பந்து பேசிக்கொண்டே ஒரு டஜனை முடித்தார். சிந்தாத அந்தத் தண்ணீர்தான் உப்பு, அதுதான் சாறு; சிந்தினால் அந்தச் சிப்பிக்கு வாங்குகிற விலைக்கு நியாயம் இல்லை.

எனக்குப் பச்சைச் சிப்பி பழக்கமில்லை. தயங்கினேன். மருமகன் சிரித்தான். முதலாவதை எலுமிச்சை பிழிந்து அப்படியே விழுங்கிவிட்டேன், ருசி தெரியவில்லை. இரண்டாவதை மென்றேன். முதலில் கடல், பிறகு வெள்ளரிக்காய்போல ஒரு குளுமை, கடைசியில் செம்பு டம்ளரில் தண்ணீர் குடித்த வாடை. மூன்றாவதற்கு மருமகனுடைய தட்டில் கை வைத்தேன்.

பச்சையாகக் கொடுப்பதில் ஆபத்து இல்லாமல் இல்லை. அந்த நாட்டு விதிப்படி ஒவ்வொரு சிப்பி மூட்டையிலும் எந்த நீரில், எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதிய அட்டை தொங்க வேண்டும். மூட்டை தீர்ந்த பிறகும் கடைக்காரர் அந்த அட்டையை 90 நாள் வைத்திருக்க வேண்டும். யாருக்காவது வயிற்றுக்குச் சேராமல் போனால் பின்னோக்கிப் போய் எந்தப் பாத்தி என்று பிடித்துவிடலாம். நம் மீன் அங்காடிகளுக்கு இப்படி ஒரு அட்டை வருகிற நாளில் என் தொழில் பாதி சுலபமாகிவிடும்.

பிறகு பலகையைக் கணக்குப்பிள்ளைக் கண்ணோடு படித்தேன். பார்க்க நீளமான பட்டியல்தான். ஆனால் சரக்கு என்று எண்ணினால் நண்டு, இறால், சிப்பி, மட்டி, புகையிட்ட சால்மன், இன்னும் ஒன்றிரண்டு. அதே நண்டு சாஸில் தோய்ந்து குட்டிக் கிண்ணத்தில் வந்தால் காக்டெயில். லெட்யூஸ் இலைமேல் குவித்தால் சாலட். அதன்மேல் மயோனைஸில் கலந்த இளஞ்சிவப்புச் சாஸை ஊற்றினால் கிராப் லூயி. ஓட்டோடு உடைத்துக் கொடுத்தால் அது வேறு விலை. இறாலுக்கும் இதே கதை. 'சிசிலியன் சஷிமி' என்று பட்டியலில் இல்லாத ஒன்று உண்டு. ஜன்னலில் இருக்கும் மீனை மெல்லிசாகச் சீவி, ஆலிவ் எண்ணெய் விட்டு, கேப்பர்ஸ் என்ற ஊறவைத்த பூமொட்டுகளைத் தூவிக் கொடுப்பது. ஜப்பான் பெயர், சிசிலிக் கை, ஜன்னல் மீன். புதுச் சரக்கு ஒன்றுகூட வாங்காமல் புதுப் பண்டம்.

என் வாடிக்கையாளரின் நாலு பக்க மெனு இதற்கு நேர் எதிர். அவர் ஒரு பண்டம் சேர்த்தால் ஃப்ரீசரில் ஒரு சரக்கு கூடும்.

ஐஸ் ஒன்று, வாசல் இரண்டு

மீன் வியாபாரத்தில் நஷ்டம் வருவது விலையால் மட்டுமல்ல, மிச்சத்தால். உணவகம் என்றால் மத்தியானம் கூட்டம் வரும் என்று கணித்துச் சரக்கு எடுக்க வேண்டும்; கணிப்பு தவறினால் மீன் மறுநாளைக்குப் போகும். மீன் கடை என்றால் காலையில் நல்லது போய்விடும், மதியம் தள்ளுபடி.

ஸ்வானில் ஜன்னல் ஐஸ் ஒன்றுதான், அதிலிருந்து சரக்கு வெளியேற வாசல் இரண்டு. ஸ்டூலில் இருப்பவர் தட்டுக்கும் அதே ஐஸ், வீட்டுக்கு வாங்குகிறவர் தாளுக்கும் அதே ஐஸ். ஸ்டூலில் கேட்பு குறைந்தால் தாளில் போகும், தாளில் குறைந்தால் ஸ்டூலில் போகும். மேடைக்குப் பின்னால் நிற்கிறவரே மீன் வெட்டுகிறார், சிப்பி திறக்கிறார், தட்டு வைக்கிறார், காசு வாங்குகிறார். வேலை இந்தப் பக்கம் சரிந்தால் ஆளும் இந்தப் பக்கம் சாய்வார். நான் எண்ணியபோது மேடைக்குப் பின்னால் ஆறு பேர், சும்மா நின்ற ஆள் ஒருவர்கூட இல்லை.

நம்மூர் ஆலோசகர்கள் 'கான்செப்ட்' என்று ஒன்றைச் சொல்லிக் காசு வாங்குவார்கள் (நானும் வாங்கியிருக்கிறேன்). இங்கே கான்செப்ட் எதுவும் இல்லை. மீன் கடைக்காரர் தன் வெட்டு மேடைக்கு முன்னால் ஸ்டூல் போட்டார்; பிறகு அதை எடுக்கவில்லை, கூட்டவும் இல்லை.

கூட்டாததன் விலை என்ன? நாங்கள் 40 நிமிடம் உட்கார்ந்தோம். எல்லோரும் அப்படியே உட்கார்ந்தால் எட்டிலிருந்து இரண்டரை வரை 390 நிமிடத்தில் ஒரு ஸ்டூலில் பத்துப் பேர்கூடத் தேறாது. 18 ஸ்டூலுக்கு 170, 180 பேர். இது என் மனக்கணக்குதான், கடைக்காரர் சொன்னது அல்ல. அதற்கு மேல் ஸ்டூல் கணக்கில் சம்பாதிக்க அந்தக் கடைக்கு வழியே இல்லை. ஆனால் அந்த 180 பேருக்கு என்று காலையிலேயே கணக்கிட்டுச் சரக்கு எடுக்கலாம், வெளியே நிற்கும் வரிசை அந்தக் கணக்கு தப்பாது என்று உத்தரவாதம் தருகிறது. இதோடு ஒப்பிட்டால் 64 நாற்காலியில் இருபது நிரம்பியிருக்கும் செவ்வாய்க்கிழமை மதியத்தை நான் பார்த்திருக்கிறேன்.

நண்டு

எல்லாக் கணக்கும் நண்டில் வந்து தடுமாறுகிறது. டஞ்சனெஸ் நண்டு இல்லாமல் அந்த ஜன்னல் பாதி. கலிபோர்னியாவில் ஆண் நண்டைத்தான் வணிகத்துக்குப் பிடிக்கலாம், ஓட்டின் அகலம் 6¼ அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மத்திய கரையில் வழக்கமாக நவம்பர் நடுவில் பருவம் திறக்கும். சமீப ஆண்டுகளில் அது புத்தாண்டை ஒட்டித்தான் திறக்கிறது; ஹம்ப்பேக் திமிங்கலங்கள் நண்டுக் கூண்டுகளின் கயிற்றில் சிக்குவதால் அவை தெற்கே நகரும்வரை காத்திருக்க வைக்கிறார்கள். நான் போன பருவம் 2025 ஜனவரி 5 அன்றுதான் தொடங்கியிருந்தது. ஆண்டு இறுதி விருந்துகள் எல்லாம் உள்ளூர் நண்டு இல்லாமல் முடிந்த பிறகு.

2015இல் நிலைமை இன்னும் மோசம். கடல் சூடேறி, ஒருவகை நுண்பாசி பெருகி, அதிலிருந்து வந்த டோமோயிக் அமிலம் நண்டின் உடம்பில் சேர்ந்தது. நரம்பைத் தாக்கும் நஞ்சு. நவம்பரில் திறக்க வேண்டிய வணிகப் பருவம் மத்திய கரையில் 2016 மார்ச் கடைசியில்தான் திறந்தது. அந்த நஞ்சு முதலில் தங்குவது சதையில் அல்ல, ஓட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கொழுப்பில்.

ஸ்வானில் தெரிந்தவர்கள் கேட்டு வாங்கும் பண்டங்களில் முக்கியமானது அந்தக் கொழுப்புதான். 'கிராப் பேக்' என்கிறார்கள். கவிழ்த்த நண்டு ஓடு, அதற்குள் மஞ்சளும் பழுப்புமாகக் குழம்பு போன்ற ஒன்று. ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்துச் சாப்பிட வேண்டும். எங்கள் வீட்டில் நண்டுக் குழம்பு வைத்தால் ஓட்டை உறிஞ்சுவதற்கு எனக்கும் அக்காவுக்கும் அடிதடி நடக்கும். கடல் மாறினாலும் அந்த ருசி மாறவில்லை, காரம்தான் இல்லை. மேடையில் ஓட்டை இரண்டு கையாலும் தூக்கி உறிஞ்சினேன். பக்கத்து ஸ்டூல்காரர் பார்த்துவிட்டுத் தானும் ஒன்று சொன்னார்.

எங்கே இடிக்கிறது

ஆடம்பரம் இல்லை என்றால் மலிவு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இருவருக்கும் நூறு டாலருக்கு மேல் ஆனது. தாளில் சுற்றி மீன் வாங்கிப் போகிற அக்கம்பக்கத்தாருக்கு அது இன்னும் மீன் கடைதான். ஸ்டூலில் இருப்பவர்களில் பாதிப் பேராவது எங்களைப்போல் வெளியூர் முகங்களாகத் தெரிந்தார்கள். 2000இல் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளை அமெரிக்காவின் பாரம்பரிய உணவிடங்களுக்குத் தரும் விருதைக் கொடுத்தது. பிறகு சமையல்காரரும் எழுத்தாளருமான ஆண்டனி போர்டெய்ன் தொலைக்காட்சியில் அந்த மேடையில் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டினார். தெருக் கடை யாத்திரைத் தலம் ஆனபிறகும் ஸ்டூல் கூடவில்லை என்பதால் வரிசைதான் நீண்டது. மதிய வேளைக்கு அரை மணி நேரம் ஒழிகிற பக்கத்து அலுவலக ஊழியர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து எத்தனை நாளாகிறதோ.

இன்னொன்று, எல்லா வேலையையும் ஒருவரே பார்ப்பது என்பது குடும்பத்து ஆட்கள் நிற்கிறவரை சரி. சம்பளத்துக்கு வருகிறவரிடம் சிப்பிக் கத்தியையும் கல்லாவையும் ஒரே நாளில் கொடுக்க எந்த முதலாளிக்கும் மனசு வராது. என் வாடிக்கையாளரின் மகன் கோவையில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். மீன் வாடை அவனுக்கு ஆகாது. அதனால் ஸ்வானை அப்படியே படியெடுக்கச் சொல்லி நான் அவருக்கு எழுதவில்லை. பழைய கடைக்கே திரும்பச் சொன்னேன். மெனுவைச் சரக்கை வைத்து எண்ணச் சொன்னேன். காலை ஏழு முதல் பத்து வரை வாசலில் ஐஸ் போட்டுப் பச்சை மீனும் விற்கச் சொன்னேன். பதிலுக்கு அவர் போன் செய்தார்.

"அண்ணே, சாப்பிட வர்றவங்க பச்சை மீனைப் பார்த்தா ஓடிற மாட்டாங்களா?"

18 ஸ்டூலில் இருந்த ஒருவரும் ஓடவில்லை என்றேன். ஒரு மாதம் பார்க்கிறேன் என்றார்.

கிளம்பும்போது நாங்களும் தாள் பக்கத்து வாசலில் நின்று ஒரு நண்டு வாங்கினோம். ஓடு வேண்டுமா, உடைத்துத் தரட்டுமா என்று கேட்டார்கள். ஓடோடு முழுசாக என்றான் மருமகன். வீட்டுக்குப் போனால் அவன் மனைவி மிளகு, சீரகம், தேங்காய் எல்லாம் அரைத்துத் தயாராக வைத்திருந்தாள். தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன சித்தப்பா இது, ஏற்கெனவே வெந்திருக்கு? மசாலா எப்படி இறங்கும்?"

எனக்கும் அது தோன்றவில்லை. கடைசியில் சதையை எடுத்து எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டுவிட்டு, ஓட்டையும் கால்களையும் இடித்து அந்த மிளகில் ரசம் வைத்தாள். இரண்டு டம்ளர் குடித்தேன்.